முதலில் பாசி, பிறகுதான் உயிர்: கடல்நீர்த் தொட்டிக்கு வழி காட்டிய பிலிப் கோஸ்

கடல்நீர்த் தொட்டியில் வண்ண மீன் வளர்க்கத் தொடங்கும் பலர் தோற்பது முதல் இரண்டு வாரங்களில்தான். தொட்டி புதிது. தண்ணீர் பளிங்கு போலத் தெளிவு. உப்பின் அளவும் சரி. அன்றைக்கே மீனை வாங்கி விட்டுவிடுகிறார்கள். சில நாட்களில் மீன் இரை எடுக்க மறுக்கிறது, மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுகிறது, பிறகு செத்து மிதக்கிறது. தண்ணீரில் எந்தக் குறையும் கண்ணுக்குத் தெரிவதில்லை.

தெளிந்த தண்ணீர் எல்லாம் உயிர் வாழத் தகுந்த தண்ணீர் ஆகிவிடாது. இதை உணர்ந்து, புதுத் தொட்டியில் உயிர்களை விடுவதற்கு முன் பொறுத்திருந்து பார்த்தவர் இங்கிலாந்தின் பிலிப் ஹென்றி கோஸ். கடல் உயிர்களை வீட்டுக்குள் வளர்க்கும் பழக்கத்தை மக்களிடம் கொண்டு சேர்த்தவர் அவர். விவசாயம் செய்து தோற்றவரும்கூட.

பட்டாம்பூச்சியைப் பார்த்து வாங்கிய நிலம்

கோஸ் 1810-ம் ஆண்டு ஏப்ரல் 6-ம் தேதி வூஸ்டர் நகரில் பிறந்தார். தந்தை ஊர் ஊராகச் சென்று சிறு உருவப் படங்கள் வரைந்து பிழைத்தவர். குடும்பத்தில் பணக்கஷ்டம் தீர்ந்த நாளே இல்லை. பூல் என்ற துறைமுக ஊரில் வளர்ந்த சிறுவனுக்கு, பாறையில் பூப்போல விரியும் கடல் சாமந்தியைக் காட்டி, அதைக் கடல்நீரில் வைத்துக் கவனிக்கலாம் என்று சொல்லிக் கொடுத்தவர் அவருடைய அத்தை.

17 வயதில் பிழைப்புக்காகக் கப்பலேறி நியூஃபவுண்ட்லாந்து தீவுக்குப் போனார். அங்கே கார்போனியர் என்ற ஊரில் ஒரு வணிக நிறுவனத்தில் எட்டு ஆண்டுகள் கணக்கு எழுதினார். 1832-ல் நுண்ணோக்கி பற்றிய பழைய புத்தகம் ஒன்று கையில் கிடைத்தது. அன்றிலிருந்து ஓய்வு நேரமெல்லாம் பூச்சிகளோடுதான் கழிந்தது.

1835-ல் நண்பர் குடும்பத்துடன் சேர்ந்து கனடாவின் காம்ப்டன் பகுதியில் நிலம் வாங்கினார். இன்றைய கியூபெக் மாநிலத்தில் உள்ள ஊர் அது. அவர்கள் போய்ச் சேர்ந்தது கோடைக்காலம். எங்கு பார்த்தாலும் பட்டாம்பூச்சிகள். மண்ணையும் சந்தையையும் பார்க்க வேண்டிய கண் பட்டாம்பூச்சியைப் பார்த்துவிட்டது. இந்தத் தவற்றைப் பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். குளிர்காலம் நீண்டது, விளைச்சல் கைகொடுக்கவில்லை. குளிர்மாதங்களில் கிராமப் பள்ளியில் பாடம் நடத்தி வயிற்றைக் கழுவ வேண்டியிருந்தது. மூன்றாம் ஆண்டு முடிவதற்குள் நிலத்தைக் கைவிட்டு வெளியேறினார்.

அந்த மூன்று ஆண்டுகளில் எது எப்போது பூக்கிறது, எந்தப் பூச்சி எந்த மாதம் வருகிறது என்பதை அவர் குறித்து வைத்திருந்தார். அந்தக் குறிப்புகள் 1840-ல் கனடா நாட்டு இயற்கை பற்றிய புத்தகமாக வெளிவந்தன. தோற்றுப்போன பண்ணையின் நாட்குறிப்புதான் அவருக்கு எழுத்தாளர் என்ற பெயரைத் தேடித் தந்தது.

இடையில் அமெரிக்காவின் அலபாமாவில் சில மாதங்கள் ஆசிரியராக இருந்தார். அங்கே கண்ட அடிமை முறையின் கொடுமை அவரை உலுக்கியது. 1844 முதல் 1846 வரை ஜமைக்காவில் தங்கிப் பறவைகளை ஆராய்ந்தார். அதில் அவருக்குத் துணை நின்றவர் அந்தத் தீவைச் சேர்ந்த கறுப்பின இளைஞர் சாமுவேல் கேம்ப்பெல்.

கடற்கரைக்கு அனுப்பிய நோய்

1848-ல் எமிலியை மணந்தார். அடுத்த ஆண்டு மகன் எட்மண்ட் பிறந்தான். ஓய்வில்லாத எழுத்து வேலையால் உடல் தளர்ந்தது. ஊர் மாறினால் நல்லது என்று 1852-ல் குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போனார்.

நீர் வற்றும் நேரத்தில் பாறைக் குட்டைகளில் இறங்கி, கடல் சாமந்தி, குழாய்ப் புழு, சிறு பவளம் என்று சேகரித்துக் கண்ணாடிப் பாத்திரங்களில் வைத்தார். சாமந்தியைப் பொரித்துத் தின்றும் பார்த்தார்.

இந்தத் துறையில் அவர் தனியாள் அல்ல. 1846-ல் ஆன் தைன் என்ற பெண்மணி டார்க்கி ஊரிலிருந்து பவள உயிர்களை லண்டனுக்குக் கொண்டுபோய், வேலைக்காரப் பெண்ணை விட்டு ஜன்னலோரம் கடல்நீரை மாற்றி மாற்றி ஊற்றச் செய்து உயிரோடு வைத்திருந்தார். ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் நன்னீர்த் தொட்டியில் இரண்டு தங்க மீன்களையும் நாடா போல் இலை நீளும் நீர்த்தாவரத்தையும் சேர்த்து வளர்த்தார். இலைகள் அழுகித் தண்ணீர் கெடத் தொடங்கியதும் நத்தைகளை விட்டார். அவை அழுகலைத் தின்ன, தண்ணீர் தெளிந்தது. தாவரம், மீன், நத்தை மூன்றும் ஒன்றையொன்று தாங்கி நிற்கும் என்பதை 1850-ல் அவர் எழுதி வெளியிட்டார்.

இந்த முறையைக் கடல்நீரில் செய்து பார்த்து, எளிய மொழியில் ஊருக்கெல்லாம் சொன்னவர் கோஸ். 1853 மே மாதம் லண்டன் விலங்கியல் பூங்காவில் மக்கள் பார்வைக்கு மீன் காட்சியகம் திறக்கப்பட்டபோது, அதற்குக் கடல் உயிர்களைச் சேகரித்துத் தந்தவர்களில் அவர் முக்கியமானவர். 1854-ல் அவர் எழுதிய புத்தகத்தின் பெயர் அக்வேரியம். மீன் தொட்டிக்கு உலகம் முழுவதும் இன்று வழங்கும் பெயர் அந்தப் புத்தகத்தால்தான் பரவியது.

ஒரு வாரக் காத்திருப்பு

கடற்கரையில் இருப்பவருக்குக் கடல்நீர் கையெட்டும் தூரம். லண்டன்காரருக்கு அது பீப்பாயில் வர வேண்டும். செலவும் அதிகம், பீப்பாய் மரத்தின் சாறு இறங்கினால் தண்ணீரும் பாழ். எனவே 1854-ல் கடல்நீரைத் தானே கலந்து தயாரிக்க முயன்றார்.

சாப்பாட்டு உப்பு சுமார் 99 கிராம், எப்சம் உப்பு 7 கிராம், மக்னீசியம் குளோரைடு 13 கிராம், பொட்டாசியம் குளோரைடு இரண்டரை கிராம். இவற்றை நாலரை லிட்டருக்குச் சற்றுக் குறைவான தண்ணீரில் கரைத்தார். ஏப்ரல் 21-ம் தேதி கலவை தயாரானது. மறுநாள் அதில் பாதியைப் பஞ்சு வைத்து வடிகட்டி, மிட்டாய்க் கடையில் வைக்கும் கண்ணாடிச் சாடி ஒன்றில் ஊற்றினார். அடியில் நன்றாகக் கழுவிய கடற்கரைக் கூழாங்கற்கள். அவற்றின் மேல், உல்வா எனும் பச்சைக் கடற்பாசி வளர்ந்திருந்த ஓரிரு கல் துண்டுகள்.

சேகரித்த உயிர்கள் கைவசம் இருந்தும் அவர் அவசரப்படவில்லை. பாசியின் வித்துகள் தண்ணீரில் பரவட்டும், பாசி வெளிவிடுவது எதுவானாலும் அது முதலில் தண்ணீரில் சேரட்டும் என்று காத்திருந்தார். கண்ணாடிச் சுவரில் பச்சைப் படலம் படர்ந்தது. வெயில் பட்டபோதெல்லாம் பாசியிலிருந்து காற்றுக் குமிழிகள் கிளம்பின.

ஒரு வாரம் கழித்து முதல் உயிர்களை விட்டார். இரண்டு கடல் சாமந்திகள், சில குழாய்ப் புழுக்கள், கல்லில் ஒட்டி வாழும் கொட்டலசுகள், இன்னும் சில சிற்றுயிர்கள். எல்லாமே சிறியவை, அலையும் வெயிலும் மாறி மாறி அடிக்கும் கரையோரப் பாறையில் வாழ்ந்து பழகியவை. அவை நலமாக வாழ்ந்தன.

இறால் பண்ணை வைத்திருப்பவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. குளத்துக்கு உரமிட்டு, தண்ணீர் பச்சை நிறம் பிடித்த பிறகுதானே குஞ்சு விடுகிறோம்?

காரணம் மண்ணில் இருந்தது

காத்திருப்பால் நன்மை என்று கண்ட கோஸுக்கு அதன் முழுக் காரணம் தெரியாது. பாசி தரும் பிராணவாயுவே எல்லாம் என்று அந்தக் காலத்தவர் நம்பினார்கள். உயிர்களின் கழிவிலும் மிஞ்சிய இரையிலும் இருந்து அம்மோனியா உண்டாகிறது. சிறிதளவு அம்மோனியாவே மீனின் செவுளைத் தாக்கும். அதை ஒருவகை பாக்டீரியா நைட்ரைட்டாகவும், வேறொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அம்மோனியாவும் நைட்ரைட்டும் நஞ்சு. நைட்ரேட்டின் தீங்கு மிகக் குறைவு. புதுத் தொட்டியில் இந்த பாக்டீரியாக்கள் போதிய அளவு இருப்பதில்லை. கோஸ் கடலிலிருந்து எடுத்துப் போட்ட கற்கள் அவற்றையும் சுமந்து வந்திருக்கும். பாசியும் அம்மோனியாவை உறிஞ்சிக்கொள்ளும். அதோடு அவர் விட்ட உயிர்களும் சிறியவை, கழிவும் கொஞ்சம். அதனால்தான் அவருக்கு ஒரு வாரம் போதுமானதாக இருந்தது.

வயலில் நாம் இடும் யூரியா பயிருக்குக் கிடைக்கும் நைட்ரேட்டாக மாறுவதும் இதே வேலையால்தான். தொட்டி வளர்த்த வாரிங்டனின் மகன், அதே பெயர் கொண்ட ராபர்ட் வாரிங்டன், ரோதம்ஸ்டட் வேளாண் ஆய்வு நிலையத்தில் 1870-களின் இறுதியில் தொடங்கிப் பல ஆண்டுகள் இதை ஆராய்ந்து, மாற்றம் இரண்டு படிகளில் நடப்பதைக் காட்டினார். அந்த பாக்டீரியாக்களை 1890-ல் தனியே பிரித்துக் காட்டியவர் ரஷ்ய அறிஞர் செர்கெய் வினோகிராட்ஸ்கி. அப்போது கோஸ் உயிரோடு இல்லை.

இன்றைய வரிசை

கோஸின் உப்புக் கலவையை இன்று பின்பற்ற வேண்டாம். அதில் பவளத்துக்குத் தேவையான சுண்ணாம்புச் சத்து இல்லை. கடல் தொட்டிக்கென்றே தயாரித்த உப்பு கடைகளில் கிடைக்கிறது. ஆனால் அவர் கடைப்பிடித்த வரிசை இன்றும் செல்லும்.

கல்லும் மணலும் இட்டு, உப்பு நீரை நிரப்பி, பம்பை ஓட விடுங்கள். பாக்டீரியா பெருகப் பொதுவாக நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நாளை எண்ணுவதைவிட சோதனைப் பெட்டியால் தண்ணீரைப் பாருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் ஏறி இறங்கிப் பூஜ்யத்தில் நின்று, நைட்ரேட் தென்பட்டால் தொட்டி தயார்.

கல்லில் பாசி படர்ந்ததும் முதலில் விட வேண்டியவை பாசி மேயும் சில நத்தைகள். பாசி இல்லாமல் விட்டால் அவை பட்டினியால் சாகும். தண்ணீர் நிலையாக இருந்தால், ஓரிரு வாரம் கழித்து ஒன்றிரண்டு சிறிய கோமாளி மீன்கள். ஒரே நாளில் தொட்டியை நிரப்பினால் பாக்டீரியாவால் கழிவைச் சமாளிக்க முடியாது. பவளங்கள் அதற்கும் பிறகு. கோஸ் முதலிலேயே கடல் சாமந்தியை விட்டார் என்பதைப் பார்த்து நாமும் விடக் கூடாது. அவருடையது கரையோரத்தின் முரட்டு இனம். கோமாளி மீன் தங்கும் வெப்பமண்டலச் சாமந்திக்குத் தொட்டி பல மாதம் முதிர்ந்திருக்க வேண்டும்.

வாங்கி வந்த பையைத் தொட்டியில் கால் மணி நேரம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமப்படுத்துங்கள். பின்பு உயிரைப் பையிலுள்ள தண்ணீரோடு ஒரு பாத்திரத்துக்கு மாற்றி, தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துப் பழக்குங்கள். நத்தைகளுக்கு உப்பு அளவில் திடீர் மாற்றம் ஆகாது. செம்பு கலந்த மீன் மருந்தும் நத்தைக்கும் பவளத்துக்கும் எமன்.

வெறுமையான பாறைகள்

1857 கோஸுக்குச் சோதனையான ஆண்டு. பிப்ரவரியில் எமிலி மார்பகப் புற்றுநோயால் இறந்தார். அதே ஆண்டு உலகத் தோற்றம் பற்றி அவர் எழுதிய புத்தகத்தை யாரும் ஏற்கவில்லை. எட்டு வயது மகனோடு டெவனின் செயின்ட் மேரிசர்ச் ஊரில் குடியேறி, பிரிட்டன் கடல் சாமந்திகள் பற்றிய தம் பெரிய நூலை 1860-ல் முடித்தார்.

ஆனால் அவரை அதிகம் வருத்தியது வேறொன்று. அவருடைய புத்தகங்களைப் படித்தவர்கள் கூடையும் உளியுமாகக் கடற்கரைக்குத் திரண்டார்கள். பாறைகளைப் பெயர்த்து, சாமந்தியையும் பவளத்தையும் வாரிக்கொண்டு போனார்கள். வளர்க்கத் தெரியாமல் அவற்றைச் சாகடித்தவர்கள் ஏராளம். சில ஆண்டுகளில் மோகம் அடங்கியது; தொட்டிகள் காய்ந்தன. காலங்காலமாக நிறைந்திருந்த பாறைக் குட்டைகளோ வெறுமையாகிவிட்டன. இதற்குத் தாமே காரணமாகிவிட்டோம் என்பது கோஸுக்குப் புரிந்தது, அது அவரை வாட்டியது என்று மகன் எட்மண்ட் 1907-ல் வெளிவந்த தம் நூலில் பதிவு செய்திருக்கிறார். கோஸ் 1888 ஆகஸ்ட் 23-ம் தேதி, 78-வது வயதில் செயின்ட் மேரிசர்ச்சில் காலமானார்.

அவருக்கு இல்லாத ஒரு வசதி நமக்கு உண்டு. கோமாளி மீனைத் தொட்டியிலேயே இனப்பெருக்கம் செய்யும் முறையை மண்டபத்தில் உள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் உருவாக்கியிருக்கிறது. பண்ணையில் பிறந்த குஞ்சை வாங்கினால் கடலில் கை வைக்க வேண்டியதில்லை. மன்னார் வளைகுடாப் பவளத்தைப் பெயர்ப்பது வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமும்கூட. தொட்டிக்கு முதல் உயிரை வாங்கும்போது அது எங்கே பிறந்தது என்று கடைக்காரரிடம் கேளுங்கள். பண்ணைக் குஞ்சு என்று உறுதியாகச் சொல்ல முடியாதவரிடம் வாங்க வேண்டாம்.