மெர்ல் ஓபரான்: பிறந்த ஊரை மறைத்த ஹாலிவுட் நாயகி

2023-இல் நமது ஈப்போவில் பிறந்த மிஷல் இயோ சிறந்த நடிகைக்கான ஆஸ்கார் விருதை வென்றார். ஆசியர் ஒருவர் அப்பிரிவில் வென்றது அதுவே முதல் முறை. ஆனால், அதே விருதுக்கு எண்பது ஆண்டுகளுக்கு முன்பே பம்பாயில் பிறந்த ஒருவர் முன்மொழியப்பட்டார். அவர் ஆசியப் பெண் என்பது அன்று ரசிகர்களுக்குத் தெரியாது.

அவர்தான் மெர்ல் ஓபரான். 1911-இல் பிறந்த அவரை வளர்த்தவர் இலங்கையைப் பூர்வீகமாகக் கொண்ட சார்லட் செல்பி. நம் நாட்டில் யூரேசியர் என்று அழைக்கிறோமே, அத்தகைய கலப்பு வம்சாவளிக் குடும்பம். தந்தை ஆங்கிலேயர். கல்கத்தாவில் உபகாரச் சம்பளத்தில் படித்த பள்ளியில், பிறப்பைச் சொல்லிச் சக மாணவிகள் கேலி செய்ததால் படிப்பைக் கைவிட்டார்.

1920-களின் இறுதியில் ஐரோப்பா சென்றவருக்கு, 1933-இல் அலெக்சாண்டர் கோர்டாவின் எட்டாம் ஹென்றி படம் புகழைத் தந்தது. அப்போது அவருக்குப் புதிய பிறப்பிடமும் கிடைத்தது. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவில் வெள்ளையர் குடும்பத்தில் பிறந்தவர் என்று விளம்பரம் செய்தார்கள். அவ்வளவு தொலைவில் யார் போய் விசாரிக்கப் போகிறார்கள்?

அது வெறும் வீண் பெருமையல்ல. 1917-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் இந்தியர்கள் அங்கே குடியேறத் தடை விதித்திருந்தது. ஹாலிவுட்டிலோ காதல் நாயகி வேடங்கள் வெள்ளை நடிகைகளுக்கே கிடைத்தன. உண்மை வெளிவந்திருந்தால் தி டார்க் ஏஞ்சல் படமும் இல்லை, அதற்கான ஆஸ்கார் முன்மொழிவும் இல்லை.

அதற்கு அவர் கொடுத்த விலை பெரிது. உடன் வாழ்ந்த சார்லட்டை வந்தவர்களிடம் பணிப்பெண் என்று அறிமுகப்படுத்தியதாக வரலாற்றாசிரியர்கள் எழுதியுள்ளனர். 1937-இல் சார்லட் காலமான பிறகு, அவரை வெளுத்த நிறத்தில் ஓவியமாக வரையச் செய்து வீட்டில் வைத்திருந்தாராம். சார்லட் உண்மையில் அவருடைய பாட்டி என்பதும், சார்லட்டின் மகள் கான்ஸ்டன்ஸ்தான் பெற்ற தாய் என்பதும் பிற்காலத்தில் பிறப்புப் பதிவின் மூலம் தெரிய வந்தது.

டாஸ்மேனியா மக்களோ அவரைத் தங்கள் மண்ணின் மகளாகவே ஏற்றுக்கொண்டார்கள். அங்கிருந்த சீன வம்சாவளிப் பெண் ஒருவரின் மகள் அவர் என்ற கதையும் உலவியது. 1978-இல் ஹோபார்ட் நகரில் அவருக்கு வரவேற்பும் நடந்தது. பிறக்காத ஊரில் கிடைத்த மரியாதை அது.

மறு ஆண்டு, 1979 நவம்பரில், அவர் காலமானார். 1983-இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூல்தான் பம்பாய்ப் பிறப்பை உலகுக்குச் சொன்னது. டாஸ்மேனியாவில் சிலர் அதன் பிறகும் நம்ப மறுத்தார்கள்.

அவர் பொய் சொன்னார் என்று இன்று எளிதாகச் சொல்லிவிடலாம். நிறத்தையும் பிறப்பையும் பார்த்து வாய்ப்புக் கொடுத்த காலம்தான் அந்தப் பொய்யை அவரிடம் கேட்டு வாங்கியது. பாட்டியைப் பாட்டி என்று ஊரறியச் சொல்லும் உரிமைகூட அவருக்கு மிஞ்சவில்லை.