நாராயண் மேகாஜி லோகாண்டே (1848 – 1897)

இந்தியத் தொழிற்சங்க இயக்கத்தின் முன்னோடியான லோகாண்டே, பம்பாய்க்கு அருகிலுள்ள தாணாவில் பிறந்தார். 1880 முதல் பம்பாயில் ‘தீனபந்து’ பத்திரிகையை நடத்தினார். பஞ்சாலையொன்றில் களஞ்சியப் பொறுப்பாளராகவும் இருந்தவராதலால் ஆலையின் உள்நிலை அவருக்குத் தெரியும். இயந்திரப் பட்டியில் அகப்பட்டுக் கை இழந்த தொழிலாளிக்கு நட்டஈடு வழங்கும் சட்டம் அன்று இருக்கவில்லை.

1884 செத்தெம்பரில் தொழிலாளரைத் திரட்டி, ஏறத்தாழ 5,500 பேர் ஒப்பமிட்ட மனுவொன்றைத் தொழிற்சாலை ஆணைக்குழுவுக்கு அளித்தார். ஞாயிறு விடுமுறை, நண்பகலில் அரைமணி நேர ஓய்வு ஆகியவற்றுடன், காயமடைந்தவர் குணமாகும்வரை முழுக்கூலியும், அங்கவீனமடைந்தவருக்கு வாழ்நாள் உதவியும் அதில் கேட்கப்பட்டன. ஓய்வு கேட்டதும் பாதுகாப்புக்காகவே எனக் கொள்ளலாம். விடிந்தது முதல் இருட்டும்வரை நின்று களைத்தவரின் கவனம் இயந்திரத்தில் நிலைக்காது.

1890 யூன் 10இல் ஆலை உரிமையாளர்கள் ஞாயிறு விடுமுறைக்கு இணங்கினர். (மாணவர் பலர் இதை 1881ஆம் ஆண்டுச் சட்டத்துடன் குழப்பி எழுதுகின்றனர். அச்சட்டம் சிறுவரின் வேலைநேரத்தை வரையறுத்தது. ஆபத்தான இயந்திரங்களுக்குத் தடுப்பு இடச் சொன்னது. வளர்ந்தோருக்கு விடுமுறை தரவில்லை.)

நட்டஈட்டை அவர் காணவில்லை. 1897 பெப்ரவரியில் கொள்ளைநோயாளருக்குத் தொண்டு செய்கையில் அந்நோய்க்கே பலியானார். நட்டஈட்டுச் சட்டம் இந்தியாவில் 1923இலும் இலங்கையில் 1934இலும் இயற்றப்பட்டது. 1950களில் வாழைச்சேனைக் காகித ஆலை எழுந்தபோது, அதன் தொழிலாளருக்கு அவ்வுரிமை சட்டத்திலேயே இருந்தது.