மண்ணுக்கும் கணக்கு எழுதிய ஜே.சி. குமரப்பா

(கல்லாறு நிருபர்)

பொன்முடிக்குச் செல்வோர் 22 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கும் முன் கடக்கும் ஊர் கல்லாறு. ஊருக்குப் பெயர் கொடுத்தது ஆறு. ஆற்றுக்குப் பெயர் கொடுத்தவை அதில் உருண்டு கிடக்கும் கற்கள். மலையிலிருந்து இறங்கும் இந்த நீர்தான் கீழே வாமனபுரம் ஆறு என்ற பெயருடன் ஆற்றிங்கல் பகுதியைக் கடந்து காயலை நோக்கிச் செல்கிறது. மலைச்சரிவில் ஒருவர் தம் தோட்டத்து மண்ணில் எதைப் போட்டாலும் அது மழையோடு மழையாகக் கீழே உள்ளவரின் குடத்துக்கு வந்து சேர்ந்துவிடும்.

மேலே உள்ள விவசாயி, முகம் தெரியாத கீழூர்க்காரருக்காகத் தம் மண்ணையும் நீரையும் ஏன் காக்க வேண்டும்? சட்டத்துக்குப் பயந்தா? மானியத்துக்கு ஆசைப்பட்டா? அல்லது மனச்சாட்சிக்குக் கட்டுப்பட்டா? இன்று உலகமெங்கும் கேட்கப்படும் இந்தக் கேள்விக்கு, எண்பது ஆண்டுகளுக்கு முன்பே சிறைச்சாலையில் அமர்ந்து விடை எழுதியவர் ஒரு தமிழர் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவர்தாம் காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி. குமரப்பா.

தஞ்சையில் பிறந்த கணக்கர்

1892-ஆம் ஆண்டு ஜனவரி 4-ஆம் தேதி தஞ்சாவூரில் ஒரு கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தார் ஜோசப் செல்லத்துரை கொர்னேலியஸ். தந்தையார் பொதுப்பணித் துறையில் பணியாற்றியவர். பிற்காலத்தில் அமெரிக்க வாழ்க்கைக்குப் பின்னர், கொர்னேலியஸ் என்ற பெயரை விடுத்துக் குமரப்பா என்ற குடும்பப் பெயரை ஏற்றுக்கொண்டார். காந்தியடிகளின் எழுத்துக்களைப் பதிப்பித்த பாரதன் குமரப்பா இவருடைய தம்பியார் ஆவார்.

லண்டன் சென்று கணக்குத் தணிக்கையில் தேர்ச்சி பெற்று நாடு திரும்பிய குமரப்பா, பம்பாயில் தணிக்கைத் தொழில் நடத்தினார். மேல்நாட்டு உடை, மேல்நாட்டுப் பழக்கம், கை நிறைய வருமானம். கிராமத்தைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியமே அவருக்கு இல்லை.

1927-ல் அமெரிக்கா சென்றார். சிரக்யூஸ் பல்கலைக்கழகத்தில் வணிக நிர்வாகம் பயின்ற பின், நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் செலிக்மனிடம் பொருளாதாரம் கற்றார். இந்தியா ஏன் ஏழையாக இருக்கிறது என்பது பற்றி அவர் அங்கே ஆற்றிய சொற்பொழிவு ஒன்று பத்திரிகையில் வெளியாயிற்று. அதையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்துக்கொள்ளும்படி பேராசிரியர் தூண்டினார். ஆட்சியாளர்களின் வரவு செலவைப் புரட்டப் புரட்ட, குடியானவரிடம் வாங்கிய வரி குடியானவருக்குத் திரும்பவில்லை என்பது அவருக்குப் புலனாயிற்று. பிரிட்டிஷ் ஆட்சியில் மதிப்பு வைத்திருந்த கணக்கர், கணக்கைப் பார்த்தே மனம் மாறினார்.

சபர்மதியில் ஏற்பட்ட திருப்பம்

தம் ஆராய்ச்சியை அச்சேற்றும் விஷயமாக 1929 மே மாதம் சபர்மதி ஆசிரமத்துக்குச் சென்றார் குமரப்பா. மரத்தடியில் ஒரு முதியவர் ராட்டை சுற்றிக்கொண்டிருந்தார். அவர்தாம் காந்திஜி என்பது குமரப்பாவுக்குச் சிறிது நேரம் தெரியவில்லையாம். விறைப்பான கால்சட்டையோடு தரையிலேயே அமர்ந்து பேசிவிட்டு எழுந்தபோது, அவருடைய வாழ்க்கையின் பாதை மாறிவிட்டது. ஆராய்ச்சிக் கட்டுரை யங் இந்தியா இதழில் தொடராக வெளிவந்தது. குஜராத்தில் மாதர் தாலுகா கிராமங்களின் பொருளாதார நிலையை வீடு வீடாகச் சென்று கணக்கெடுக்கும் பொறுப்பும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது.

அங்கேதான் அவர் முதன்முதலாக உழவரின் கணக்கை நேரில் கண்டார். வரி, வட்டி, விதை, மாட்டுத்தீவனம் ஆகியவை போக உழைப்புக்குக் கூலிகூட மிஞ்சவில்லை. விவசாயம் என்பது லாபத் தொழில் என்று நகரத்தில் எழுதப்படுவது, உழவரின் கூலியைக் கணக்கில் சேர்க்காததால்தான் என்ற உண்மை அவருக்கு விளங்கியது.

1934 ஜனவரி 15-ஆம் தேதி பீகாரில் பெரும் பூகம்பம் ஏற்பட்டது. ராஜேந்திர பிரசாத் தலைமையில் நடந்த நிவாரணப் பணியின் நிதிப் பொறுப்பு குமரப்பாவிடம் வந்தது. தொண்டர்களின் செலவுக்கு அவர் விதித்த கட்டுப்பாட்டில் எவருக்கும் விலக்கு இல்லை. பார்வையிட வந்த காந்திஜியின் குழுவினரின் செலவைக்கூட நிவாரண நிதியில் எழுத அவர் சம்மதிக்கவில்லை. பொதுப்பணம் பிறர் பணம் என்பதில் அவ்வளவு கண்டிப்பு. பிற்காலத்தில் மண்ணையும் காட்டையும் பற்றிப் பேசியபோதும் அவர் காட்டியது இதே கண்டிப்பைத்தான்.

மகன்வாடி நாட்கள்

1934 இறுதியில் அகில இந்தியக் கிராமக் கைத்தொழில் சங்கம் அமைந்தபோது குமரப்பா அதன் செயலாளரானார். வார்தாவிலுள்ள மகன்வாடி அதன் தலைமையிடம். செக்கு, கைக்குத்தல் அரிசி, தேனீ வளர்ப்பு, பனைவெல்லம், கையால் செய்யும் காகிதம் என்று ஒவ்வொன்றும் அங்கே சோதிக்கப்பட்டது. மண்ணெண்ணெய்க்குப் பதிலாகத் தாவர எண்ணெயில் எரியும் மகன் தீபம் என்ற விளக்கும் அங்கே உருவாயிற்று.

இதைப் பழமை மோகம் என்று பலர் நினைத்தனர். குமரப்பா சொன்ன காரணம் வேறு. பூமிக்கடியில் இருக்கும் நிலக்கரி, பெட்ரோலியம், உலோகத்தாது ஆகியவை ஒரு தடவை எடுத்தால் தீர்ந்துபோகும் இருப்பு. மரம், பயிர், கால்நடை, ஓடும் நீர் ஆகியவை ஆண்டுதோறும் வந்துகொண்டே இருக்கும் வரவு. இருப்பை நம்பி வாழும் நாடுகள் அந்த இருப்புக்காகவே போர் செய்ய நேரும்; வரவை நம்பி வாழ்வோருக்கு அந்த நிர்ப்பந்தம் குறைவு என்பது அவர் கருத்து. ரயில்வே அலுவலகத்தில் பேரேட்டோடு பழகும் எங்களைப் போன்ற குமாஸ்தாக்களுக்கு இது எளிதில் புரியும். முதலை எடுத்துச் செலவு செய்துவிட்டு அதை வருமானம் என்று எழுதினால் தணிக்கையில் தப்ப முடியுமா?

சிறையில் பிறந்த நூல்

இரண்டாம் உலகப் போரின்போது, இந்தியாவின் பண்டங்களை எடுத்துக்கொண்டு காகிதப் பணத்தைக் கொடுக்கும் அரசாங்கத்தின் போக்கைக் கண்டித்துக் கட்டுரை எழுதினார் குமரப்பா. பலன், சிறைவாசம். ஜபல்பூர் சிறையில் உடல்நலம் கெட்ட நிலையிலும் இரண்டு நூல்களை எழுதினார். ஒன்று இயேசுநாதரின் போதனையைப் பற்றியது. மற்றொன்று நிலைத்த பொருளாதாரம் பற்றிய அவருடைய புகழ்பெற்ற ஆங்கில நூல். 1945-ல் வெளிவந்த அந்த நூலுக்கு முன்னுரை தந்தவர் காந்திஜி. குமரப்பாவுக்குக் கிராமத் தொழில் டாக்டர் என்ற பட்டத்தையும் விளையாட்டும் அன்புமாக அவரே வழங்கினார்.

மனிதர் ஏன் நல்ல முறையில் நடந்துகொள்கிறார், ஏன் நடந்துகொள்வதில்லை என்பதை இந்த நூலில் குமரப்பா ஐந்து படிகளாகப் பிரிக்கிறார். முதல் படி, ஆட்டைக் கொன்று தின்னும் புலி. தனக்கு வாழ்வளிப்பதையே அழிப்பது. இரண்டாவது, தோப்பில் புகுந்து பழம் பறிக்கும் குரங்கு. மரத்தை அழிக்காவிட்டாலும் அதற்கு எதையும் திருப்பிக் கொடுப்பதில்லை. மூன்றாவது, உழுது எருவிட்டு விதைத்து அறுக்கும் விவசாயி. எடுப்பதற்கு ஈடாகத் தருகிறவர். நான்காவது, தனக்கென்று இல்லாமல் கூட்டுக்காகத் தேன் சேர்க்கும் தேனீ. ஐந்தாவது, பலனை எதிர்பாராமல் குஞ்சுக்கு இரை ஊட்டும் தாய்ப்பறவை.

மூன்றாவது படியில் நிற்க வேண்டிய விவசாயி, வறுமையாலும் சந்தையின் நெருக்கடியாலும் கீழ்ப்படிக்குத் தள்ளப்படுகிறார் என்பதே இன்றைய சங்கடம். அவரை அங்கே தள்ளுவதில் வாங்குகிறவருக்கும் பங்கு உண்டு. அடிமைபோல் நடத்தப்படும் கூலியாட்களைக் கொண்டு விளைவித்த பண்டத்தை மலிவு என்று வாங்குகிறவர், அந்தப் பாவத்திலும் பங்கு வாங்குகிறார் என்று குமரப்பா கருதினார். தேயிலைத் தோட்டங்களில் பாட்டன் பூட்டன் காலம் தொட்டு உழைத்த தமிழ்க் குடும்பங்கள் வாழும் இந்த மலைப்பகுதிக்கு இது வெறும் தத்துவம் அல்ல.

டிராக்டர் சாணம் போடுமா?

சுதந்திரத்துக்குப் பிறகு காங்கிரஸ் அமைத்த விவசாயச் சீர்திருத்தக் குழுவுக்குக் குமரப்பா தலைவரானார். 1949-ல் வந்த அதன் அறிக்கை, இடைத்தரகர்களை நீக்கி உழுபவருக்கே நிலத்தில் உரிமை வேண்டும் என்று வற்புறுத்தியது. நாளை இந்த நிலம் தம்மிடம் இருக்குமா என்று தெரியாத குத்தகைதாரர், பத்தாண்டு கழித்துப் பலன் தரும் வரப்பையும் மரத்தையும் எப்படிப் பேணுவார்? கேரளத்தில் 1970 ஜனவரி 1 முதல் குத்தகை முறை ஒழிக்கப்பட்டதை வாசகர்கள் அறிவர்.

ரசாயன உரத்துக்குப் பெரும் வரவேற்பு கிடைத்த காலம் அது. ஆலுவாய் அருகே ஃபாக்ட் தொழிற்சாலை 1947-லும், பீகாரில் சிந்திரி தொழிற்சாலை 1951-லும் உற்பத்தியைத் தொடங்கின. பஞ்சத்தைக் கண்ட நாடு அவற்றை வரவேற்றதில் வியப்பில்லை. ஆனால் மண் என்பது புழுவும் நுண்ணுயிரும் வாழும் உயிர்ப்பொருள். வெறும் ஊக்க மருந்து கொடுத்து அதை எத்தனை காலம் ஓட்ட முடியும் என்று குமரப்பா எச்சரித்தார். மாடு உழவும் உழும், எருவும் தரும். டிராக்டர் சாணம் போடாது என்பது அவருடைய வாதம். வார்தா அருகே சேல்டோவில் பண்ணை ஆசிரமம் அமைத்து இதைத் தாமே செய்து பார்த்தார்.

அவர் சொன்ன எல்லாவற்றையும் இன்று அப்படியே ஏற்க முடியாது. பெருகிய மக்கள் தொகைக்கு உணவளித்ததில் புதிய விதைகளுக்கும் உரத்துக்கும் பங்கு உண்டு. ஆயினும் அவருடைய எச்சரிக்கை வீணல்ல என்பதற்குக் காசர்கோடு சாட்சி. அங்கே முந்திரித் தோட்டங்களில் தெளித்த எண்டோசல்பான் மருந்தின் துயரம் நாடறிந்தது. 2011-ல் உச்ச நீதிமன்றம் அந்த மருந்துக்குத் தடை விதித்தது.

கல்லுப்பட்டியில் கடைசிக் காலம்

திட்டக் குழுக்களில் குமரப்பாவின் குரல் எடுபடவில்லை. மனம் சோர்ந்தாலும் கொள்கையை விடவில்லை. 1950-களில் மதுரை மாவட்டம் தே. கல்லுப்பட்டி காந்திநிகேதன் ஆசிரமத்துக்கு வந்து தங்கினார். அவருடைய அறையில் காந்திஜியின் படமும் ஓர் ஏழைக் கிராமவாசியின் படமும் இருந்தனவாம். முன்னவர் தம் எஜமானர் என்றும், பின்னவர் அந்த எஜமானருக்கே எஜமானர் என்றும் வருவோரிடம் அவர் கூறுவது வழக்கம். இறுதிவரை திருமணம் செய்துகொள்ளவில்லை. 1960 ஜனவரி 30, காந்திஜி மறைந்த அதே தேதியில், மதுரையில் காலமானார். 1973-ல் ஷூமாக்கர் எழுதிய சிறியதே அழகு என்ற நூல் உலகப் புகழ் பெற்றபோது, அதில் குமரப்பாவின் கருத்து எடுத்தாளப்பட்டதைக் கண்டு பலர் அவரை மீண்டும் நினைத்தனர்.

நமக்கு என்ன பாடம்?

ஆணை மட்டும் போதாது என்பதற்கு இலங்கை உதாரணம். 2021-ல் அங்கே ரசாயன உர இறக்குமதி திடீரென நிறுத்தப்பட்டது. மாற்று எருவும் இல்லை, பயிற்சியும் இல்லை, அவகாசமும் இல்லை. நெல் விளைச்சல் சரிந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை கைவிடப்பட்டது. சிக்கிம் மாநிலமோ பல ஆண்டுகள் படிப்படியாக நடந்து, 2016-ல் இயற்கை விவசாய மாநிலம் என்று அறிவிக்கப்பட்டது.

பணம் மட்டும் போதாது என்பதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் உண்டு. அகத்தியர் மலைக் காணி மக்கள் காட்டிய ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை ஆராய்ந்து, பாலோடு தாவரவியல் பூங்கா விஞ்ஞானிகள் ஒரு மருந்தை உருவாக்கினர். அதன் உரிமைத் தொகையில் பாதி காணி மக்களுக்கு என்று ஏற்பாடாகி, 1997-ல் அறக்கட்டளையும் பதிவாயிற்று. உலகம் பாராட்டிய ஏற்பாடு அது. ஆனால் மூலிகைக்கு விலை வந்ததும் காட்டிலிருந்து அதைத் திருட்டுத்தனமாகப் பிடுங்குவோரும் கிளம்பினர். ஆதாயம் மனிதரை இரண்டாம் படிக்கும் இழுக்கும், மூன்றாம் படிக்கும் ஏற்றும்.

அப்படியானால் எது போதும்? குமரப்பாவின் வாழ்க்கையைப் பார்த்தால் மூன்று தேவைகள் தெரிகின்றன. நிலம் தம்முடையது என்ற உறுதி வேண்டும். உழைப்புக்குத் தக்க விலை வேண்டும். அவற்றோடு, கீழே தண்ணீர் குடிக்கிறவரும் தம் கூட்டைச் சேர்ந்தவர் என்ற எண்ணமும் வேண்டும். முதல் இரண்டையும் அரசாங்கமும் சந்தையும் தர முடியும். மூன்றாவதை எந்த ஆணையும் தராது. பசித்த வயிற்றுக்காரரிடம் அதை மட்டும் உபதேசிப்பதும் நியாயமல்ல.

கல்லாற்றுச் சரிவில் ரப்பர் மரத்தடியில் களைக்கொல்லி தெளிக்கலாமா, கையால் களை வெட்டலாமா என்று ஒருவர் யோசிக்கும்போது, கூலிக் கணக்கு அவருக்கு எதிராகவே நிற்கும். அந்தக் கணக்கில் ஆற்றையும் ஒரு பற்றாக எழுதிப் பார்க்கச் சொன்னவர் குமரப்பா. அந்தச் செலவை அவர் ஒருவரே சுமக்காமல், கீழே நீர் எடுக்கும் ஊர்களும் பங்கிட்டுக்கொள்ள வழி செய்தால், தஞ்சைத் தமிழர் எழுதிய கணக்கு இந்த மலையிலும் நேராகும்.