ஒட்டாவாவில் சண்முகம் செட்டியார் விட்டதும் காத்ததும்

போடிநாயக்கனூரில் ஏலக்காயின் விலையைப் பேசத் தொடங்கினால் பேச்சு குவாத்தமாலா விளைச்சலுக்குப் போய்விடும். மலைச்சரிவில் விளைவதற்குக் கடலுக்கு அப்பால் விலை முடிவாகும் என்பதை இங்கே யாருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. அதனால்தான் வகுப்பில் ஆர்.கே. சண்முகம் செட்டியாரின் ஒட்டாவா பயணத்தை நான் இவ்வூரை வைத்தே விளக்கிவந்தேன். 2025 ஜூலையில் இந்தியாவும் பிரிட்டனும் வணிக ஒப்பந்தம் செய்துகொண்டபோது அவர் மீண்டும் நினைவுக்கு வந்தார்.

கோவையில் 1892இல், பஞ்சாலைத் தொழிலில் ஈடுபட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். லங்காஷயர் ஆலைகளின் நலனுக்காக இந்திய ஆலைத்துணி மீது 1896இல் விதிக்கப்பட்ட மூன்றரை விழுக்காடு உற்பத்தி வரி, அவர் மத்திய சட்டமன்றத்தில் சுயராஜ்யக் கட்சி உறுப்பினராக இருந்த காலத்தில்தான் ஒழிந்தது.

1932இல் ஒட்டாவாவில் பேரரசுப் பொருளாதார மாநாடு கூடியது. அதுல் சட்டர்ஜி தலைமையில் சென்ற இந்தியக் குழுவில் செட்டியாரும் ஒருவர். காங்கிரஸ் தலைவர்கள் பலர் சிறையில் இருந்தனர். குழுவை நியமித்ததோ காலனிய அரசு. இந்தியத் தேயிலை போன்றவற்றுக்குப் பிரிட்டனில் வரிச்சலுகை. ஈடாக, பிரிட்டிஷ் பொருள்கள் பலவற்றுக்கு இந்தியாவில் பத்து விழுக்காடு சலுகை. இதுவே பேரத்தின் சாரம்.

தேயிலைச் சலுகையால் யாருக்கு லாபம்? மூணாற்றின் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடி வழியாகத் தூத்துக்குடி துறைமுகம் சேர்ந்த தேயிலை பிரிட்டிஷ் நிறுவனத்துடையது. கொழுந்து பறித்தவர்களின் கூலி அந்த மேசையில் பேசுபொருளே அல்ல. இந்த இடத்தில் செட்டியாருக்காக வாதாட எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் துணி விஷயம் வேறு. பருத்தித் துணி அந்தப் பத்து விழுக்காட்டுக்குள் அடங்கவில்லை. சுங்கவரி வாரியத்தின் அறிக்கைக்குப் பிறகே அதைப் பரிசீலிப்பது என்று நிறுத்திவைக்கப்பட்டது. அடிமை நாட்டின் பிரதிநிதிகளுக்கு இது சிறிய காரியமன்று. துணிப் பேரத்தில் கைதவறினால் என்னாகும் என்பதை ஜப்பான் விரைவில் காட்டியது. 1933இல் அயல்நாட்டுத் துணிக்கு வரி 75 விழுக்காடாக உயர்ந்ததும், ஜப்பானிய ஆலைகள் இந்தியப் பஞ்சைப் புறக்கணித்தன. பதினைந்து லட்சம் பொதி பஞ்சு வாங்கினால் நாற்பது கோடி கெஜம் துணி அனுப்பலாம் என்று 1934இல் உடன்பாடு கண்ட பிறகே சிக்கல் தீர்ந்தது.

இந்த நுணுக்கமெல்லாம் தேர்தல் மேடையில் எடுபடுமா? சட்டமன்றத் தலைவராக இருந்த நிலையிலேயே, 1934 தேர்தலில் காங்கிரஸ் வேட்பாளரிடம் செட்டியார் தோற்றார். ஒட்டாவா அவர்மேல் பழியாக ஒட்டிக்கொண்டது. 1936இல் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளும்படி சட்டமன்றமே தீர்மானித்தது. அவரோ அப்போது கொச்சியில் திவான்.

பின்னர் பிரெட்டன்வுட்ஸ் மாநாட்டுக்குச் சென்றார். விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் நிதியமைச்சரானார். 1947 நவம்பர் 26 அன்று அவர் அளித்த முதல் நிதிநிலை அறிக்கையில், வெளிநாடு செல்லும் பருத்தித் துணிக்கும் நூலுக்கும் ஏற்றுமதி வரியை முன்மொழிந்தார், அந்தக் கோவைப் பஞ்சாலைக் குடும்பத்துப் பிள்ளை.