ஷெட்டுக்கு முன்னாடி ஒரு பைக் இருந்தது

இந்த லீவுல திருப்புல்லாணியில எங்க வீட்டுக்குப் பின்னாடி ஒரு ஷெட் போட்டோம். பத்துக்குப் பன்னிரண்டு அடி. கீழே கான்கிரீட் தளம், மேலே ஷீட், உள்ளே தனி வயரிங். ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டைக் கடையில காசு கொடுத்து வாங்கக் கூடாதுங்கிற வீம்புதான் காரணம். தளம் போட்ட பிறகு பத்து நாளைக்குச் சாக்கு விரிச்சுத் தண்ணி ஊத்துறதைத் தவிர வேற வேலை இல்ல. அந்தப் பத்து நாள்லதான் ஜி.டி. நாயுடுவைப் பத்தி உருப்படியா படிச்சேன்.

உங்களுக்கும் பேர் தெரிஞ்சிருக்கும். "இந்தியாவின் எடிசன்"னு ஒரு பட்டம் போட்டு, நாலு கண்டுபிடிப்பை அடுக்கி, ரெண்டு மார்க் கேள்வியா முடிச்சிருப்பாங்க. அந்தப் பட்டத்தைக் கொஞ்சம் தள்ளி வச்சுட்டுப் படிங்க.

கோபால்சாமி துரைசாமி நாயுடு 1893 மார்ச் 23 அன்று கோயம்புத்தூர் பக்கம் கலங்கல் கிராமத்தில் பிறந்தார். விவசாயக் குடும்பம். பள்ளிக்கூடம் அவருக்குச் சுத்தமா ஒத்து வரல. வாத்தியார் மேல மண்ணை வாரி எறிஞ்சார்னு ஒரு கதை இருக்கு. ஆரம்பப் படிப்போட சரி.

அவரோட முதல் ஒர்க்ஷாப் எதுன்னு யோசிச்சா, அது ஒரு கட்டடமே இல்ல. கிராமத்துக்கு வந்த ஒரு வெள்ளைக்கார அதிகாரியோட ரட்ஜ் மோட்டார் பைக். அந்த வண்டியைப் பார்த்ததிலிருந்து பையனுக்கு வேற நினைப்பே இல்ல. கோயம்புத்தூர் போய் ஒரு ஹோட்டல்ல சர்வரா வேலை பார்த்து, வருஷக்கணக்குல காசு சேர்த்து, கடைசியில ஒரு ரட்ஜை வாங்கிட்டார். விலை 300 ரூபாய்னு சொல்வாங்க. வாங்கினதும் என்ன செய்தார் தெரியுமா? ஓட்டிக்கிட்டு ஊரைச் சுத்தல. அக்கு வேறு ஆணி வேறாகக் கழற்றிப் போட்டார். திரும்பப் பூட்டினார். மறுபடி கழற்றினார். அவரோட இன்ஜினியரிங் படிப்பு அதுதான். ஷெட் இல்ல, கரன்ட் இல்ல, சொல்லிக் கொடுக்க ஆளும் இல்ல.

இந்த இடத்துல எனக்குக் கொஞ்சம் வெட்கமா இருந்துச்சு. நான் ஷெட்டை முதல்ல கட்டிட்டேன், உள்ளே என்ன செய்யப் போறேன்னு தெளிவா தெரியாமலே.

1920-இல் ஒரு பஸ் வாங்கினார். கோவை ஸ்டேன்ஸ் கம்பெனியின் ராபர்ட் ஸ்டேன்ஸ் அதற்குக் கைகொடுத்தார். பொள்ளாச்சிக்கும் பழநிக்கும் இடையே அவரே ஓட்டினார். சில வருஷத்துல அந்த ஒரு பஸ் யுனிவர்சல் மோட்டார் சர்வீஸ் என்ற பெரிய நிறுவனமா வளர்ந்தது. பஸ் கம்பெனி நடத்துறவருக்கு ஒர்க்ஷாப் ஆசைக்குக் கட்டுறது இல்ல. வண்டி நின்னா அன்னைக்கு வருமானம் நின்னுடும்.

அடுத்த கட்டத்துக்குக் காரணம் மின்சாரம். 1930-களின் தொடக்கத்தில் நீலகிரி பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் கோவைக்கு இறங்கி வந்தது. கரன்ட் வந்துடுச்சு, மோட்டார் மட்டும் வெளிநாட்டிலிருந்து வரணும். கிணத்துல மாடு கட்டிக் கவலை இறைச்சுக்கிட்டு இருந்த ஊர் அது. 1937-இல் நாயுடுவும், பிறகு டெக்ஸ்டூல் நிறுவனத்தைத் தொடங்கிய டி. பாலசுந்தரமும் சேர்ந்து மின் மோட்டாரை இங்கேயே செய்தார்கள். இந்தியாவில் செய்த முதல் மின் மோட்டார் என்று அதைத்தான் சொல்கிறார்கள். இன்னைக்கும் பம்ப்செட்னா உங்களுக்குக் கோயம்புத்தூர் ஞாபகம் வருதில்ல? அந்தக் கதையோட ஆரம்பம் இங்கதான்.

ரேடியோ, ஜூஸ் பிழியும் கருவி, மண்ணெண்ணெயில் ஓடும் ஃபேன், பேட்டரியில் ஓடும் ஷேவிங் ரேஸர் என்று பட்டியல் நீளும். அதை விட்டுடறேன், விக்கிப்பீடியாவுல இருக்கு. 1952-இல் செய்த ரெண்டு சீட் காரை மட்டும் விட மனசில்ல. விலை 2,000 ரூபாய். அரசாங்கம் லைசென்ஸ் தரல. கார் அதோட நின்னு போச்சு.

நம்மள நேராத் தொடுற விஷயம் 1945-இல் நடந்தது. அப்போ சென்னை மாகாண கவர்னரா இருந்த ஆர்தர் ஹோப் பேர்ல ஒரு பாலிடெக்னிக்கும் ஒரு இன்ஜினியரிங் காலேஜும் தொடங்கினார். மூணாங்கிளாஸைத் தாண்டாதவர்னு சொல்லப்படுற மனுஷன் பிரின்சிபால் நாற்காலியில உட்கார்ந்தார். உட்கார்ந்து, நாலு வருஷப் படிப்பு வீண், ரெண்டு வருஷம் போதும்னு சொன்னார். அரசாங்கம் ஒத்துக்கல. அவரும் இறங்கி வரல. பொறுப்பை விட்டு வெளியேறிட்டார். அந்தக் காலேஜ்தான் இன்னைக்குக் கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி, ஜி.சி.டி. இடம் மாறித் தடாகம் ரோட்டுக்குப் போயிடுச்சு. ஆனா பீளமேட்டுல பஸ் ஸ்டாப் பேர் இன்னும் ஹோப் காலேஜ்.

அவர் சொன்னது சரியா? நான் முழுசா ஒத்துக்கல. ரெண்டு வருஷத்துல கணக்கும் தெர்மோவும் யாருக்கும் ஏறாது. நாயுடுவுக்கே மோட்டார் செய்யக் கூட ஒருத்தர் தேவைப்பட்டார். ஆனா நாலு வருஷத்துல நான் என் கையால முழுசா கழற்றின மெஷின் எத்தனைன்னு எண்ணிப் பார்த்தேன். ஒன்னுகூட இல்ல. லேப்ல ரீடிங் எடுத்திருக்கேன், ரெக்கார்டு நோட்டு எழுதியிருக்கேன். நீங்களும் எண்ணிப் பாருங்க.

நீங்க ஷெட் போடுறதா இருந்தா, பட்டுத் தெரிஞ்சுக்கிட்ட சிலதைச் சொல்றேன். எங்க ஊர் கடலோர மணல். அதைத் தண்ணி விட்டுத் திமிசுக் கட்டையால நல்லா இறுக்கின பிறகுதான் தளம் போடணும், இல்லேன்னா விரிசல் விடும். பக்கத்துல சேதுக்கரையில மணல் சும்மா கிடக்குதேன்னு அள்ளிக் கலந்துடாதீங்க. அள்ளுறதே தப்பு, அதுல இருக்கிற உப்பு கம்பியையும் தின்னுடும். (சமுத்திரராஜன் வழி விடணும்னு ராமர் தர்ப்பைப் புல்லுல படுத்துக் காத்திருந்த ஊர் எங்களோடது. கடலோட மல்லுக்கட்டுறது எங்களுக்குப் புதுசில்ல.) உப்புக் காத்துக்கு இரும்புப் பைப் தாங்காது, வயரிங் முழுக்க பி.வி.சி. பைப்ல போங்க. டிரில்லிங், வெல்டிங் எல்லாம் வீட்டு லைன்லயே தொங்க வேண்டாம். தனி சர்க்யூட், நல்ல எர்த், 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீசியன் அண்ணன் ஒருத்தரைக் கூப்பிடுங்க, யூடியூப் பார்த்து நீங்களே பண்ணாதீங்க.

கதவை அகலமா வைங்க. ஹென்றி ஃபோர்டு 1896-இல் டெட்ராய்ட்ல வீட்டுக்குப் பின்னாடி ஒரு செங்கல் ஷெட்டுக்குள்ள தன் முதல் வண்டியைச் செஞ்சு முடிச்சப்போதான் வண்டி வாசல்ல நுழையாதுன்னு தெரிஞ்சது. கோடாலியால சுவரை இடிச்சு வெளியே கொண்டு வந்தார்.

நாயுடு 1974 ஜனவரி 4 அன்று காலமானார். கோவை அவினாசி ரோட்டுல அவர் பேர்ல மியூசியம் இருக்கு, போனா ஒரு அரை நாள் ஒதுக்குங்க.

எங்க ஷெட்டுக்குப் போன வாரம் கரன்ட் வந்துச்சு. முதல் வேலையா, கிணத்தடியில ரொம்ப நாளா எரிஞ்சு கிடந்த ஒரு பழைய ஒரு ஹெச்.பி. மோட்டாரைத் தூக்கிட்டு வந்து கழற்றினேன். பேரிங் துருப்பிடிச்சு ஒட்டிக்கிட்டு வரவே இல்ல. புல்லர் வாங்க நாளைக்கு ராமநாதபுரம் போகணும்.