கசான் நகரின் கணிதப் பேராசான் லொபசெவ்ஸ்கி

பெரும் அறிவுச் சாதனைகள் யாவும் தலைநகரங்களிலேயே தோன்றுகின்றன என்றதோர் எண்ணம் எங்கும் நிலவி வருகின்றது. புகழ்பெற்ற கல்விக்கழகங்களும் செல்வாக்கு மிக்க அறிஞர்களும் எங்கு கூடியுள்ளனரோ அங்குதான் புதிய சிந்தனைகள் பிறக்கும் என நாம் இலகுவில் நம்பிவிடுகின்றோம். இந்நம்பிக்கையை மீள்பரிசீலனை செய்யுமாறு நம்மைத் தூண்டும் வாழ்க்கை வரலாறுகளுள் ரஷ்யக் கணிதவியலாளரான நிக்கலாய் இவானோவிச் லொபசெவ்ஸ்கியின் வரலாறு குறிப்பிடத்தக்கது. ஈராயிரம் ஆண்டுகளாக எவராலும் அசைக்க முடியாதிருந்த இயூக்கிளிட்டின் கேத்திர கணிதத்துக்கு மாற்றாக வேறொரு கேத்திர கணிதத்தை முதன்முதலில் அச்சில் வெளியிட்டவர் இவரே. அவர் இதனைச் செய்தது பாரிஸிலோ சென். பீற்றர்ஸ்பேர்க்கிலோ அன்று; மொஸ்கோவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 700 கிலோ மீற்றர் தொலைவில், வோல்கா நதிக்கரையில் அமைந்த கசான் நகரிலாகும்.

கசான் நகரம் தாத்தாரிய முஸ்லிம்களின் தொன்மையான ஆட்சிப்பீடமாகும். 1552ஆம் ஆண்டு அது ரஷ்யாவின் வசமாயிற்று. அங்கு ஒரு பல்கலைக்கழகத்தை அமைப்பதற்கான பட்டயத்தைப் பேரரசர் முதலாம் அலெக்சாண்டர் 1804ஆம் ஆண்டு வழங்கினார். அக்காலத்தில் போதிய நூல்களோ கருவிகளோ கட்டடங்களோ இல்லாத நிலையிலேயே அப்பல்கலைக்கழகம் இயங்கத் தொடங்கியது.

லொபசெவ்ஸ்கி 1792ஆம் ஆண்டு டிசெம்பர் முதலாம் திகதி நிஷ்னி நொவ்கோரொட் நகரில் பிறந்தார். நில அளவைத் துறையில் சாதாரண எழுதுவினைஞராகக் கடமையாற்றிய தந்தையை அவர் சிறுவயதிலேயே இழந்தார். அவருடைய தாயார் மூன்று ஆண் பிள்ளைகளுடனும் வறுமையுடனும் கசானுக்குக் குடிபெயர்ந்தார். அரசாங்கத்தின் உதவிப் பணத்தில் பாடசாலைக் கல்வி பயின்ற லொபசெவ்ஸ்கி, 1807ஆம் ஆண்டு தமது 14ஆவது வயதில் பல்கலைக்கழக மாணவரானார். மறுவருடம் ஜேர்மனியிலிருந்து அங்கு பேராசிரியராக வந்து சேர்ந்தவர் மார்ட்டின் பார்ட்டெல்ஸ். கணித மேதை கவுஸின் இளமைக்கால ஆசிரியராக விளங்கியவரும் இவரே. பார்ட்டெல்ஸின் விரிவுரைகளே லொபசெவ்ஸ்கியைக் கணிதத்தின்பால் ஈர்த்தன. அடங்காத மாணவன் என்றும் சமய நம்பிக்கை குன்றியவன் என்றும் அவர்மீது நிர்வாகம் குற்றஞ்சாட்டியபோது, பார்ட்டெல்ஸ் உள்ளிட்ட பேராசிரியர்களே அவருக்காகப் பரிந்து பேசினர். 1811ஆம் ஆண்டு முதுமாணிப் பட்டம் பெற்ற அவர், 1814இல் விரிவுரையாளராகவும் 1816இல் பேராசிரியராகவும் 1822இல் முழுநிலைப் பேராசிரியராகவும் உயர்ந்தார்.

ஆயினும் அவை இனிய ஆண்டுகளாக அமையவில்லை. 1819ஆம் ஆண்டு கசானைப் பரிசோதிக்க வந்த மக்னிட்ஸ்கி என்னும் அதிகாரி, சமயப் பற்றில்லாத பல்கலைக்கழகத்தை அடியோடு மூடிவிட வேண்டுமெனப் பரிந்துரைத்தார். பேரரசர் மூடுவதற்கு இணங்காது, அவரையே அக்கல்வி மாவட்டத்தின் மேற்பார்வையாளராக நியமித்தார். அவரது கெடுபிடியினால் பேராசிரியர்கள் பலர் விலக்கப்பட்டனர். பார்ட்டெல்ஸும் 1820இல் கசானைவிட்டு நீங்கினார். எஞ்சியிருந்த லொபசெவ்ஸ்கியின் தோள்களில் கணிதம், பௌதிகவியல், வானியல் ஆகிய பாடங்கள் அனைத்தும் சுமத்தப்பட்டன. அவர் எழுதிய கேத்திர கணிதப் பாடநூலொன்று 1823ஆம் ஆண்டு சென். பீற்றர்ஸ்பேர்க்குக்கு அனுப்பப்பட்டபோது, பிரெஞ்சுப் புரட்சியின் விளைவான மீற்றர் அளவையை அது கையாள்கின்றது என்பதும் ஒரு குறையாகக் காட்டப்பட்டது. அந்நூல் அவர் வாழ்நாளில் அச்சேறவேயில்லை.

இத்தகைய சூழலில்தான் அவர் சமாந்தரக் கோடுகள் பற்றிய பழைய வினாவை ஆராயத் தலைப்பட்டார். ஒரு நேர்கோட்டுக்கு வெளியேயுள்ள ஒரு புள்ளியினூடாக, அக்கோட்டை ஒருபோதும் சந்திக்காத ஒரேயொரு கோட்டை மாத்திரமே வரையலாம் என்ற கருத்து இயூக்கிளிட்டின் ஐந்தாவது எடுகோளுக்கு நிகரானதாகும். ஏனைய எடுகோள்களைப் போன்று இது தெளிவாகப் புலப்படாமையினால், இதனை நிறுவிக்காட்ட அறிஞர்கள் தலைமுறை தலைமுறையாக முயன்றனர். இம்முயற்சியில் முஸ்லிம் அறிஞர்களின் பங்கு பெரிதாகும். இப்னுல் ஹைதமும் உமர் கய்யாமும் 11ஆம் நூற்றாண்டிலும், நஸீருத்தீன் அத்தூஸி 13ஆம் நூற்றாண்டிலும் இவ்வினாவுடன் போராடினர். அடியில் இரு செங்கோணங்களும் சமமான இரு பக்கங்களும் கொண்ட நாற்பக்கலொன்றின் மேற்கோணங்கள் கூர்ங்கோணமாகவோ விரிகோணமாகவோ அமையக்கூடுமா எனக் கய்யாம் ஆராய்ந்தார். தூஸியின் பெயரால் 1594ஆம் ஆண்டு ரோம் நகரில் அறபு மொழியில் அச்சான நூலின் வழியே இவ்வாராய்ச்சி ஐரோப்பாவை எட்டியது. 1733இல் இத்தாலியரான சக்கேரியும் இதே நாற்பக்கலையே எடுத்துக்கொண்டார். இவர்கள் அனைவரும் இயூக்கிளிட் கூறியது சரியென நிறுவுவதையே இலக்காகக் கொண்டிருந்தனர்.

லொபசெவ்ஸ்கியும் தொடக்கத்தில் அவ்வழியிலேயே சென்றார். பின்னர் அவர் துணிந்து திசைமாறினார். அப்புள்ளியினூடாகச் சந்திக்காத கோடுகள் ஒன்றுக்கு மேற்பட்டனவாக இருக்கலாம் எனக்கொண்டு, அதிலிருந்து பெறப்படும் முடிவுகளை ஒவ்வொன்றாகத் தேடினார். இக்கேத்திர கணிதத்தில் முக்கோணியொன்றின் கோணங்களின் கூட்டுத்தொகை 180 பாகையிலும் குறைந்ததாகும். முக்கோணி பெரிதாகுந்தோறும் அக்குறைவும் பெருகும். வடிவத்தால் ஒத்து அளவால் வேறுபடும் இரு முக்கோணிகள் அங்கு இருக்கவே முடியாது. முடிவுகள் விசித்திரமாயிருந்தனவேயன்றி, அவற்றிடையே முரண்பாடெதுவும் தென்படவில்லை. நாம் வாழும் வெளி எவ்வகையினது என்பதைச் சிந்தனையால் மாத்திரம் தீர்மானிக்க இயலாது, அளந்தே அறிதல் வேண்டும் என அவர் கருதினார். இதற்காக விண்மீன்கள் தொடர்பான வானியல் அளவீடுகளையும் அவர் துணைக்கொண்டார். அன்றைய கருவிகளால் அறியத்தக்க வேறுபாடு எதுவும் அவற்றில் வெளிப்படவில்லை.

1826ஆம் ஆண்டு பெப்ரவரி மாதம் தமது துறையினர் முன்னிலையில் அவர் இக்கருத்தை முதன்முதலில் சமர்ப்பித்தார். அக்கட்டுரையின் கையெழுத்துப்படி காணாமற்போயிற்று. 1829, 1830ஆம் ஆண்டுகளில் பல்கலைக்கழகத்தின் சஞ்சிகையான கசான் தூதன் இதனை விரிவாக வெளியிட்டது. தலைநகரின் விஞ்ஞானக் கழகம் ஒஸ்ட்ரோகிராட்ஸ்கியின் கருத்தை வேண்டியபோது, 1832ஆம் ஆண்டு அவர் இதனைக் கவனத்துக்கு உரியதன்று என நிராகரித்தார். 1834இல் தலைநகரின் சஞ்சிகையொன்று எழுதியவரின் பெயர் சுட்டாது இதனை எள்ளிநகையாடியது. லொபசெவ்ஸ்கி அனுப்பிய மறுப்புரை பிரசுரமாகவில்லை. அவரோ மனந்தளராது ரஷ்ய மொழியிலும், 1837இல் பிரெஞ்சிலும், 1840இல் ஜேர்மன் மொழியிலும் தமது கருத்தை மீண்டும் மீண்டும் எழுதினார். ஜேர்மன் மொழியில் அமைந்த சிறுநூலைப் படித்த கவுஸ், 1842ஆம் ஆண்டு அவரைக் கொத்திங்கன் விஞ்ஞானக் கழகத்தின் உறுப்பினராக்கினார். கவுஸ் இதே முடிவுகளை முன்னரே தனிப்பட எட்டியிருந்தார். ஹங்கேரியரான யானோஷ் பொல்யாயி தாமும் தனித்துக் கண்ட முடிவுகளை 1832இல் வெளியிட்டிருந்தார். இருந்தும் கவுஸ் இக்கேத்திர கணிதத்துக்கு ஆதரவாகப் பகிரங்கமாக ஒரு சொல்லேனும் எழுதவில்லை. கவுஸின் வாய்திறவாமையும் ஒஸ்ட்ரோகிராட்ஸ்கியின் நிராகரிப்பும் சேர்ந்து லொபசெவ்ஸ்கியைத் தனிமைப்படுத்தின.

இத்தனிமையில் அவர் தமது கடமைகளிலிருந்து ஒதுங்கிக்கொள்ளவில்லை என்பதே நாம் இங்கு வலியுறுத்த விரும்பும் விடயமாகும். 1827ஆம் ஆண்டு அவர் பல்கலைக்கழகத்தின் தலைவரானார். நம் நாட்டின் உபவேந்தர் பதவிக்கு நிகரான அப்பொறுப்பை 19 ஆண்டுகள் வகித்தார். 1825 முதல் 1835 வரை நூலகராகவும் பணிபுரிந்து, நூலகத்தை ஒழுங்குபடுத்தினார். வானியல் ஆய்வுகூடம், நூலகம், இரசாயன ஆய்வுகூடம், உடற்கூற்றியல் மண்டபம் ஆகியவை அவரது மேற்பார்வையில் எழுந்தன. 1834இல் பல்கலைக்கழகத்தின் ஆய்வேட்டை அவர் தொடக்கிவைத்தார். பொதுமக்களுக்கெனப் பௌதிகவியல் விரிவுரைகளை நிகழ்த்தினார். அறபு, பாரசீகம், துருக்கி, மொங்கோலியம் முதலிய மொழிகளைக் கற்பதற்கு ரஷ்யாவில் தலைசிறந்த இடமாகக் கசான் விளங்கியதும் அவரது காலத்திலேயாகும். பின்னாளில் பெரும் நாவலாசிரியராகத் திகழ்ந்த லியோ தோல்ஸ்தோய் 1844ஆம் ஆண்டு அங்கு கீழைத்தேய மொழிகள் பயிலவே சேர்ந்தார்.

1830ஆம் ஆண்டு வாந்திபேதி நோய் கசானைத் தாக்கியபோது, மாணவர்களையும் ஆசிரியர்களின் குடும்பங்களையும் பல்கலைக்கழக வளவினுள் இருத்தி, வெளித்தொடர்பைத் துண்டித்து, சுகாதார விதிகளைக் கண்டிப்புடன் அவர் நடைமுறைப்படுத்தினார். இதனால் நகரின் ஏனைய பகுதிகளைவிட அங்கு உயிரிழப்பு மிகக் குறைவாகவே இருந்தது. 1842ஆம் ஆண்டு நகரின் பெரும்பகுதியை அழித்த தீயில் வானியல் ஆய்வுகூடமும் எரிந்தது. கருவிகளும் நூல்களும் காப்பாற்றப்பட்டமைக்கும், அழிந்த கட்டடங்கள் விரைவில் மீண்டும் எழுந்தமைக்கும் அவரது முயற்சியே காரணமாகும்.

இவ்வுழைப்புக்குக் கிடைத்த பரிசு வருந்தத்தக்கதாகும். 1846ஆம் ஆண்டு, 30 ஆண்டுகாலச் சேவை நிறைவைக் காரணங்காட்டி, பல்கலைக்கழக சபையின் விருப்பத்துக்கு மாறாக அரசாங்கம் அவரைப் பேராசிரியர் பதவியிலிருந்தும் தலைவர் பதவியிலிருந்தும் நீக்கியது. தமது இடத்துக்கு மாணவரான பொப்போவை அவரே மனமுவந்து பரிந்துரைத்திருந்தார். தொடர்ந்து பணநெருக்கடியும், காசநோயால் மூத்த மகனை இழந்த துயரும் அவரை வாட்டின. கண்பார்வையும் மங்கியது. எழுத இயலாத நிலையில், பல்கலைக்கழகத்தின் பொன்விழாவையொட்டி 1855ஆம் ஆண்டு தமது இறுதி நூலான பான்ஜியோமெட்ரியை வாய்மொழியாகச் சொல்லி எழுதுவித்தார். தம்மை நீக்கிய நிறுவனத்துக்கே தம் இறுதி அறிவுழைப்பையும் அவர் காணிக்கையாக்கினார். 1856ஆம் ஆண்டு பெப்ரவரி 24ஆம் திகதி அவர் காலமானார்.

அவரை உலகம் அறிந்துகொண்டது அதன் பின்னரேயாகும். 1860களில் கவுஸின் கடிதங்கள் வெளியானபோது, லொபசெவ்ஸ்கியை அவர் எத்துணை மதித்திருந்தார் என்பது தெரியவந்தது. 1866இல் ஹூவேல் அவரது ஜேர்மன் நூலைப் பிரெஞ்சில் மொழிபெயர்த்தார். 1868இல் இத்தாலியரான பெல்த்ராமி, புதிய கேத்திர கணிதத்தின் முடிவுகள் வளைந்த பரப்பொன்றின் மீது பொருந்துவதைக் காட்டினார். இயூக்கிளிட்டின் கேத்திர கணிதம் முரண்பாடற்றதாயின் இதுவும் முரண்பாடற்றதே என்பது இவ்வழியே தெளிவாயிற்று. ஐன்ஸ்டீன் 1915ஆம் ஆண்டு நிறைவுசெய்த பொதுச் சார்புக் கொள்கை கையாண்டது ரீமான் வகுத்த கேத்திர கணிதத்தையாகும். எனினும் வெளியின் இயல்பு அளந்து அறியப்பட வேண்டியது என்ற எண்ணத்தை முன்னரே வலியுறுத்தியவர்களுள் லொபசெவ்ஸ்கியும் ஒருவராவார். 1896ஆம் ஆண்டு கசான் நகரம் அவருக்குச் சிலை எடுத்தது.

தலைநகரின் அறிஞர்கள் வழங்கிய தீர்ப்பு, பின்வந்தோரின் ஆய்வு முன் நிலைக்கவில்லை. அத்தீர்ப்பை மீறி அக்கருத்து உயிர்தப்பியமைக்கு ஒரு மாகாணப் பல்கலைக்கழகம் தனக்கெனச் சொந்தமாகச் சஞ்சிகையொன்றை வைத்திருந்ததும் ஒரு காரணமாகும் என்பதை நாம் மறத்தலாகாது. தலைநகரங்களுக்கு அப்பால் இயங்கும் பல்கலைக்கழகங்களை இரண்டாந்தரமானவையாக எண்ணுவோர் இவ்வரலாற்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். அத்தகைய கல்விக்கூடங்களுக்கு நூலகமும் ஆய்வுகூடமும் சுயாதீனமான வெளியீடும் கிடைக்கச் செய்வது சமூகத்தின் கடமையாகும். அவற்றிலிருந்து எப்பொழுது, எவரிடமிருந்து பயன் விளையும் என்பதை முன்கூட்டியே கூறவல்லார் எவருமிலர்.