படுக்கையிலிருந்தே பணியாற்றிய விளக்கேந்திய சீமாட்டி

ஆண்டுதோறும் மே மாதம் 12 ஆம் திகதி சர்வதேச தாதியர் தினமாக அனுஷ்டிக்கப்பட்டு வருவதை நாம் அறிவோம். நவீன தாதியர் சேவையின் முன்னோடியான புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த தினம் அது. ஆனால், அதே தினம் 1990 களிலிருந்து இன்னொரு நோக்கத்திற்காகவும் நினைவுகூரப்படுகின்றது என்பதைப் பலர் அறியார். உடலெங்கும் நீங்காத வலியையும் களைப்பையும் தரும் பைப்ரோமயால்ஜியா போன்ற நோய்கள் பற்றிய விழிப்புணர்வுத் தினமும் அதுவே. நோயாளருக்குப் பணிவிடை செய்தவராக உலகம் போற்றும் அம்மையார், தமது வாழ்வின் பெரும்பகுதியைத் தாமே நோயாளியாகக் கழித்தவர் என்பதே இத்தெரிவுக்கான காரணமாகும்.

1820 ஆம் ஆண்டு இத்தாலியின் புளோரன்ஸ் நகரில், செல்வச் செழிப்பு மிக்க ஆங்கிலேயக் குடும்பமொன்றில் அவர் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்குச் சூட்டப்பட்டது. தாதித் தொழில் இழிவானதெனக் கருதப்பட்ட அக்காலத்தில், குடும்பத்தாரின் கடும் எதிர்ப்பையும் பொருட்படுத்தாது ஜேர்மனியின் கைசர்ஸ்வேர்த் நகரில் பயிற்சி பெற்றார். 1854 இல் கிறிமிய யுத்தத்தில் காயமுற்ற படைவீரர்களின் அவலநிலை இங்கிலாந்தை உலுக்கியபோது, 38 தாதியருடன் துருக்கியின் ஸ்கூட்டாரி இராணுவ வைத்தியசாலைக்குப் புறப்பட்டார். இரவு வேளைகளில் விளக்குடன் நோயாளரைப் பார்வையிட்ட காட்சியே அவருக்கு விளக்கேந்திய சீமாட்டி என்ற பெயரைப் பெற்றுக் கொடுத்தது.

1855 மே மாதம் பலக்லாவா போர்முனைக்குச் சென்ற வேளை, அவர் கடும் காய்ச்சலால் பீடிக்கப்பட்டார். பல நாட்கள் உயிருக்குப் போராடி மீண்டபோதிலும் பழைய ஆரோக்கியம் மீண்டும் கிட்டவில்லை. 1856 இல் நாடு திரும்பி, மறு ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் முற்றாகத் தளர்ந்து வீழ்ந்தார். அப்போது அவருக்கு வயது 37. நெஞ்சுப் படபடப்பு, மூச்சுத் திணறல், உறக்கமின்மை, உணவில் வெறுப்பு, அடிக்கடி தோன்றும் காய்ச்சல், விட்டகலாத களைப்பு என உபாதைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தொடர்ந்தன. தாம் விரைவில் இறந்து விடுவோமென்றே அவர் நம்பினார்.

1861 டிசம்பரில் நோய் உச்சநிலையை அடைந்தது. முள்ளந்தண்டில் ஏற்பட்ட கடும் வலி அவரை நடக்க இயலாதவராக்கியது. அதன் பின்னர் சுமார் ஆறு ஆண்டுகள் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்கு அவரைத் தூக்கிச் செல்ல வேண்டியிருந்தது. தோலின் கீழ் ஊசி மூலம் அபின் மருந்தைச் செலுத்தும், அந்நாளில் புதிதாக அறிமுகமான சிகிச்சை முறையே அவருக்குச் சிறிது நேர ஆறுதலை அளித்தது.

வியப்புக்குரிய விடயம் யாதெனில், அவரது மகத்தான சாதனைகளில் பெரும்பாலானவை இக்காலத்திற்கு உரியவை என்பதாகும். யுத்தத்தில் மாண்ட வீரர்களில் பெரும்பாலானோரைக் கொன்றது எதிரியின் துப்பாக்கியல்ல, தடுத்திருக்கக்கூடிய நோய்களே என்பதை 1858 இல் புள்ளிவிபர வரைபடங்கள் மூலம் நிரூபித்தார். அதே ஆண்டில் இலண்டன் புள்ளிவிபரக் கழகத்தின் முதலாவது பெண் உறுப்பினரானார். 1860 இல் புனித தோமஸ் வைத்தியசாலையில் அவரது பெயரிலான தாதியர் பயிற்சிக் கல்லூரி ஆரம்பமானது. ஒருபோதும் சென்றிராத இந்தியாவின் சுகாதாரம், நீர்ப்பாசனம், பஞ்சம் ஆகியன குறித்தும் கட்டிலில் இருந்தவாறே அறிக்கைகள் வரைந்தார்.

இதற்கென அவர் வகுத்துக் கொண்ட வாழ்க்கை முறை கடுமையானது. ஒரு வேளையில் ஒருவரை மாத்திரமே சந்திப்பார். வீட்டிற்கு வந்தவர்களுடன் கூடச் சிறு கடிதங்கள் மூலமே பலவேளைகளில் உரையாடினார். எஞ்சியிருந்த சிறிதளவு சக்தியை எதற்குச் செலவிடுவது என்பதை அவரே தீர்மானித்தார். 1859 இல் வெளியான தாதியர் பணி பற்றிய அவரது புகழ்பெற்ற நூலில், தேவையற்ற சத்தமும் பார்க்க வருவோரின் வெற்று ஆறுதல் வார்த்தைகளும் ஓயாத ஆலோசனைகளும் நோயாளியை எவ்வளவு தூரம் வருத்துகின்றன என விரிவாக எழுதியிருக்கின்றார். படுக்கையில் கிடந்து அனுபவித்தவரின் எழுத்து அது.

எனினும் அவரிடமும் குறையிருந்தது. இராணுவச் சீர்திருத்தத்தில் அவருக்குத் தோள்கொடுத்த அமைச்சர் சிட்னி ஹேர்பட் சிறுநீரக நோயால் நலிவுற்றபோது, அந்நோயின் தீவிரத்தை ஏற்க மறுத்து, பணியைத் தொடருமாறு வற்புறுத்தினார். 1861 ஓகஸ்டில் ஹேர்பட் காலமானார். வலியை அறிந்தவர் கூடப் பிறர் வலியை உணரத் தவறக்கூடும் என்பதற்கு இது சான்றாகும்.

அவரது நோயையும் பலர் நம்பவில்லை. அது மனம் சார்ந்தது என்றும், வேண்டாத விருந்தினரையும் குடும்பத்தாரையும் தவிர்ப்பதற்கான உபாயம் என்றும் பிற்காலத்தில் எழுதப்பட்டது. 1995 இல் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான ஆய்வுக் கட்டுரையொன்று, அவரைப் பீடித்தது கால்நடைகளின் பாலினூடாகப் பரவும் புரூசெல்லோசிஸ் என்ற நாட்பட்ட தொற்றாக இருக்கலாமென வாதிட்டது. முள்ளந்தண்டையும் தாக்கும் அந்நோயின் கிருமி கண்டறியப்பட்டதோ 1887 இல் தான். அவர் படுக்கையில் வீழ்ந்த வேளையில் எந்த வைத்தியராலும் அதனை இனங்கண்டிருக்க முடியாது.

ஆகவே, அவருக்கு இருந்தது பைப்ரோமயால்ஜியாவே என எவராலும் அறுதியிட்டுக் கூறமுடியாது. ஆனால், அந்நோயாளர் இன்று எதிர்கொள்ளும் சந்தேகத்தை அவரும் எதிர்கொண்டார். இந்நோயை இரத்தப் பரிசோதனையோ எக்ஸ்ரே படமோ காட்டிக் கொடுப்பதில்லை. 1990 இல் தான் அமெரிக்க வாதநோய் வைத்தியர்கள் இதற்கான அளவுகோல்களை வகுத்தனர். நரம்புத் தொகுதி வலியை உணரும் விதத்தில் ஏற்படும் மாற்றமே இதன் அடிப்படை என ஆய்வுகள் சுட்டுகின்றன. இருந்தும், வெளித்தோற்றத்தில் நலமாகத் தெரியும் ஒருவர், அவர்களுள் பெரும்பாலானோர் பெண்கள், நோவு என்று கூறும்போது அதனைச் சோம்பலென்றும் பாசாங்கென்றும் கருதும் வழக்கம் வீடுகளிலும் வேலைத்தலங்களிலும் இன்னும் ஒழியவில்லை.

1880 களில் அம்மையாரின் வலி படிப்படியாகத் தணிந்தது. 1907 இல் பிரித்தானியாவின் ஓடர் ஒப் மெரிட் விருதைப் பெற்ற முதற் பெண்மணியானார். விரைவில் இறப்போமென 37 வயதில் எண்ணியவர், 1910 ஓகஸ்ட் 13 ஆம் திகதி தமது 90 ஆவது வயதிலேயே கண்மூடினார். வெஸ்ட்மின்ஸ்டர் பேராலயத்தில் அடக்கம் செய்யும் யோசனையை உறவினர் ஏற்காததால், ஹம்ப்ஷயர் கிராமத்துத் தேவாலய முற்றத்தில், பெயரின் முதலெழுத்துகள் பொறிக்கப்பட்ட கல்லறையில் துயில்கின்றார்.

அவரைப் போல் வலியோடு சாதிக்க வேண்டுமென எந்த நோயாளியையும் நாம் நிர்ப்பந்திக்க முடியாது. செல்வமும் பணியாளரும் அவருக்கு வாய்த்திருந்தனர். எல்லோருக்கும் அவை வாய்ப்பதில்லை. ஆனால், நோயாளி சொல்வதைப் பொறுமையோடு கேட்பதற்கும் நம்புவதற்கும் செல்வம் தேவையில்லை. மே 12 இல் விளக்கேற்றி அவரை நினைவுகூரும் நாம், கண்ணுக்குத் தெரியாத வலியோடு நம்மிடையே வாழ்வோரையும் அன்றைய தினம் நினைத்துப் பார்ப்பது பொருத்தமானதாகும்.